பனிதான் என்று சொன்னேன்

மூன்று ஸ்க்ரூ கழன்றுவிட்டது, நாலாவது வரமாட்டேன் என்கிறது. உப்புக்காற்றில் அதன் தலை துருவேறித் தேய்ந்திருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தித் திருகினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து சுவரைக் கீறுகிறது, சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து என் முழங்கைவரை ஒட்டுகிறது. பின்னால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளிமேல் இஞ்ஞாசி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். நான் மாடிக்கு வந்து கால்மணி நேரம் ஆகிறது, ‘வா லோகு’ என்றதோடு சரி, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மனைவி எமில்டா அக்கா செத்து இன்றோடு இருபத்தாறு நாள். நேற்று அவர் மகள் ரெஜினா எனக்கு மெசேஜ் போட்டிருந்தாள், ‘அண்ணா, அந்தப் பெட்டியை வந்து எடுத்துட்டுப் போயிடுங்க, அப்பா காலைல எழுந்ததும் மேல போய் அதையே பார்த்துட்டு நிக்கிறாரு.’ காற்றில் இருக்கிற தூசை அளக்க நான் செய்து மாட்டிய பெட்டி, அதை எடுக்கத்தான் வந்திருக்கிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்புறம் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும், செல்போன் சர்வீஸ் கடையில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது, ஆனால் பிடுங்கவில்லை, கை போகவில்லை. பெட்டிக்குள் அந்தச் சின்ன விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, காதை ஒட்டினால் கொசு பறக்கிற மாதிரி சத்தம், காற்றை உள்ளே இழுத்து, லேசர் வெளிச்சத்தின் குறுக்கே விட்டு, ஒவ்வொரு தூசாக எண்ணிக்கொண்டிருக்கிறது. முகப்பில் நாற்பத்தொன்று என்று காட்டுகிறது. நல்ல காற்று. அக்கா இருந்தால் வெளியே போகலாம் என்று சொல்கிற காற்று. நாற்பத்தொன்று என்கிற எண்ணிலிருந்து கண்ணை எடுக்கிறேன், ஏனென்றால் அக்கா எனக்குச் செய்த அந்தக் கடைசி ஃபோன் கால் சரியாக நாற்பத்தொரு விநாடி.

அதை நினைக்கக் கூடாது. ஸ்க்ரூவை நினை. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் இளகும், ஆனால் எண்ணெய் வேண்டும் என்று கேட்டால் ரெஜினா எடுத்துக்கொண்டு மேலே வருவாள், அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் கல்லறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ‘உங்க டப்பாவாலதான் அண்ணா அம்மா இத்தன நாள் இருந்தாங்க’ என்றாள். அக்காவும் அதை டப்பா என்றுதான் சொல்வார். வெள்ளை பிளாஸ்டிக்கில் கரண்ட்காரர்கள் ஒயர் இணைக்கப் பயன்படுத்துகிற பெட்டி அது, கீழே ஓட்டை போட்டு, எறும்பு ஏறாமல் இருக்க கொசுவலைத் துணி ஒட்டியிருந்தேன், உள்ளே தூசு அளக்க ஒரு சென்சார், ஈரமும் வெப்பமும் அளக்க இன்னொன்று, வைஃபைக்கு ஒரு போர்டு, நெட் போய்விட்டால் எண்ணெல்லாம் வீணாகக் கூடாது என்று ஒரு மெமரி கார்டு. இந்த மாதிரி ஏழு செய்து இந்தப் பகுதியில் ஏழு வீட்டு மாடியில் மாட்டினேன். எனக்கு யாருடைய நுரையீரலைப் பற்றியும் பெரிய கவலை இல்லை, இருந்தது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த வெயிலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. ஒரு வீடியோ பார்த்தேன், செய்தேன், எண் வந்தது, எண் வருவது பிடித்திருந்தது. ஆட்கள் கேட்பதும் பிடித்திருந்தது. அதுவரை என்னிடம் வருகிறவர்கள் டிஸ்ப்ளே போச்சு, சார்ஜ் ஏறல என்றுதான் வருவார்கள். அதற்கப்புறம் தெருவில் நிறுத்தி, லோகு இன்னிக்கி காத்து எப்படி என்று கேட்டார்கள், டாக்டரிடம் கேட்கிற மாதிரி.

எமில்டா அக்கா எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் அடுப்பு முன்னால் நின்றவர், கடைசிப் பத்து வருஷம்தான் கேஸ் வந்தது, அதற்குள் விறகுப் புகையில் நெஞ்சு கெட்டுவிட்டது. இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார், பேச்சை மட்டும் நிறுத்த மாட்டார். பெட்டி மாட்டிய நாளில் நான் பெரிய மனுஷன் மாதிரி நுண்துகள், மைக்ரான் என்று விளக்கினேன், கேட்டுவிட்டு, ‘அதெல்லாம் சரி தம்பி, நான் நடக்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லு’ என்றார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். நான் யோசித்து, அறுபதுக்குக் கீழே இருந்தா நடங்க, மேல இருந்தா கதவை சாத்திட்டு உள்ளே இருங்க என்றேன். அறுபது எங்கிருந்து வந்தது, அரசாங்கம் ஒரு நாளுக்கு வைத்திருக்கிற அளவு அது, கெட்டுப்போன நுரையீரலுக்கு அது பொருந்துமா என்று எனக்கு அன்றும் தெரியாது. அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். விடிவதற்கு முன்னால் எழுந்து மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று நின்று மேலே வந்து எண்ணைப் பார்ப்பார், அறுபதுக்குக் கீழே என்றால் பின் தெரு வழியாக, பழைய ஒயர் கொளுத்துகிற காம்பவுண்டின் சுவரை ஒட்டிக் கோயில்வரை போய் வருவார். ஒன்றரை வருஷம் அப்படி. ஐம்பத்தெட்டு என்றால் போவார், அறுபத்திரண்டு என்றால் போக மாட்டார். அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, அதற்கு முன்னால் வருஷத்துக்கு மூன்று தடவை. ரெஜினா சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் மறுபடியும் வழுக்கி இடது கட்டைவிரலில் குத்துகிறது. ரத்தம் வரவில்லை, தோல் மட்டும் மடங்கிக்கொண்டது. அண்ணன் பார்த்தார், எழவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், நாள் முழுவதும் உயரத்தில் தனியாக உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்த பழக்கம், பார்ப்பதற்குப் பேச்சு தேவையில்லை. மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் காம்பவுண்டு தெரிகிறது, மூன்று பக்கம் தகரம் அடித்தது, நடுவில் தரை கறுத்துக் கிடக்கிறது. யாருடையது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பழைய ஒயரை மலைபோலக் குவித்து மேலே டயரைப் போட்டுக் கொளுத்துவார்கள், ரப்பர் எரிந்துபோய்ச் செம்பு மிஞ்சும். பகலில் கொளுத்தினால் சத்தம் போடுகிறார்கள் என்று விடியலுக்கு முன்னால் கொளுத்த ஆரம்பித்தார்கள். பெட்டிகளை மாட்டிய பிறகுதான் அது எந்த நேரம் என்றே எங்களுக்குத் தெரிந்தது. நாலு மணி, நாலே கால், பெட்டி அனுப்புகிற வரைபடத்தில் கோடு படுத்துக்கொண்டே வந்து திடீரென்று செங்குத்தாக எழும். அந்தப் படங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு டிசம்பரில் ஏழு பேர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு அதிகாரியைப் பார்க்கப் போனோம். எமில்டா அக்காவும் வந்தார், சிலுவைக் கரை போட்ட நீலச் சேலையில், மூச்சுக்கு வாயில் அடிக்கிற பம்பை மடியில் வைத்துக்கொண்டு. அதிகாரி கெட்டவர் இல்லை, அதுதான் என்னைக் கொல்கிறது, மரியாதையாக உட்காரச் சொன்னார், படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு என்னிடம், ‘தம்பி, இது மார்கழி. இந்த மாதிரி சின்ன சென்சார் பனியையும் தூசுன்னு எண்ணும். ஈரம் அதிகமானா நிஜத்தைவிட மூணு மடங்கு காட்டும். தெரியுமா உனக்கு?’ என்றார். எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும், அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, பொம்மை சார் இது என்றார். அக்கா எழுந்து, ‘ஐயா, பொம்மை வெச்சி விளையாடுற வயசு எனக்கு இல்ல’ என்றார், அறையில் எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார், நான் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் தோளைத் தட்டி, ‘உன் மிஷின் மேல எனக்கு நம்பிக்கை இருக்குது, விடு’ என்றார். விடவில்லை நான். வந்து படித்தேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் ஈரத்தைப் பற்றிப் படித்தேன், அதிகாரி சொன்னது சரி, ஈரம் எண்பத்தைந்தைத் தாண்டினால் தூசு நீரைக் குடித்து ஊதிக்கொள்கிறது, சென்சார் ஏமாறுகிறது. அதற்கு ஒரு கணக்கு இருந்தது, அதையும் கற்றுக்கொண்டேன். இனிமேல் யாரும் என்னை அப்படிக் கேட்டுவிட முடியாது. இரண்டு வாரம் தெருவில் யார் கேட்டாலும் பனி பனி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், புதுச் செருப்பு வாங்கிய பையன் மாதிரி.

அதனால்தான் வாய் அப்படிச் சொன்னது. தூக்கத்தில் சொன்னேன் என்று ஒரு நாள் சொல்லிக்கொள்கிறேன், மறுநாள் அது இல்லை என்று தெரிகிறது, தூக்கத்தில் இருந்தவனுக்கு மூன்றால் வகுக்கச் சொல்லத் தெரியுமா. வியாழக்கிழமை, காலை ஐந்து பன்னிரண்டு. ஃபோன் தலைமாட்டில் அடித்தது, திரையில் அக்கா பெயர். ‘தம்பி, எழுப்பிட்டேனா? டப்பா இருநூத்தி நாப்பத்தி மூணு காட்டுதுடா. நேத்து இந்நேரம் அம்பத்திரண்டுதான். நடக்கப் போவட்டுமா, வேணாமா?’ நான் கண்ணைத் திறக்கவில்லை. ‘பனிக்கா,’ என்றேன். ‘பனிதான். அன்னிக்கி அந்த ஆபீசர் சொன்னாரு இல்ல, ஈரத்துல மூணு மடங்கு காட்டும். மூணால வகுத்துக்கோங்க.’ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது, வகுக்கிறார் என்று நினைத்தேன், ‘எம்பத்தி ஒண்ணு வருதேடா, அப்பவும் அறுபதுக்கு மேலதானே?’ என்றார். சத்துணவில் தினமும் இத்தனை பிள்ளைக்கு இத்தனை அரிசி என்று கணக்குப் போட்டவர். அப்போதாவது நான் எழுந்து உட்கார்ந்திருக்கலாம். லேப்டாப் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது, திறந்தால் ஈரம் எவ்வளவு என்று காட்டும், அரை நிமிஷ வேலை. ‘அப்படியெல்லாம் சரியா வகுக்க முடியாதுக்கா, சும்மா பனிதான், போயிட்டு வாங்க’ என்றேன். ‘சரி ராஜா, நீ தூங்கு’ என்றார். நாற்பத்தொரு விநாடி. நான் தூங்கினேன். நல்ல தூக்கம், ஏழரைவரை. என் மனைவி எழுப்பித்தான் எழுந்தேன், தோசை சாப்பிட்டேன், கடையைத் திறந்தேன், ஒரு பையனின் ஃபோனுக்குப் புது பேட்டரி போட்டேன், இதெல்லாம் எனக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது, தோசைக்கு என்ன சட்னி என்பதுவரை.

சாயங்காலம் ரெஜினா ஃபோன் செய்தாள். அம்மா கோயில் பக்கம் போய்விட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாங்க, பேச முடியல, பம்பு அடிச்சும் நிக்கல, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். கடையில் கூட்டம் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். நாலு மணிக்கு நாற்பத்தெட்டு. நாலு இருபதுக்கு நூற்றுத் தொண்ணூறு. பனி அப்படி ஏறாது, பனி மெதுவாக வரும், வெயில் ஏற ஏற மெதுவாகப் போகும், படத்தில் குன்று மாதிரி இருக்கும். இது சுவர் மாதிரி இருந்தது. ஈரம் அறுபத்தாறு. பெட்டிக்குள் போர்டு சூடாகி ஈரத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், பத்து கூட்டிக்கொள், எழுபத்தாறு, அப்போதும் அது பனி இல்லை. அதைவிட, முந்தின நாள் அதே நேரம் ஈரம் தொண்ணூற்றொன்று, தூசு ஐம்பத்திரண்டுதான். நிஜமான பனி பெய்த நாளில் பெட்டி ஏமாறவில்லை. நிஜமான புகை வந்த நாளில் நான்தான் பெட்டியை நம்பவில்லை. அக்கா அதைச் சொன்னாரே, நேத்து அம்பத்திரண்டு என்று முதல் மூச்சிலேயே சொன்னாரே, எனக்குத் தேவையானதையெல்லாம் கையில் கொடுத்துவிட்டுத்தானே கேட்டார். சனிக்கிழமை மதியம் செத்துப்போனார். டாக்டர் ரெஜினாவிடம், நுரையீரல் ஏற்கெனவே ரொம்ப மோசம் என்று சொன்னாராம். அந்த வாக்கியத்தை நான் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். இருபது வருஷ விறகுப் புகை, அதில் என் பங்கு எவ்வளவு, டயரைக் கொளுத்தியவனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், எப்படிப் பிரித்தாலும் அந்த நாற்பத்தொரு விநாடி எதிலும் சேராமல் தனியாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இன்னொன்று செய்தேன். எல்லோரும் பார்க்கிற இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று. இந்த வீட்டுப் பெட்டிக்கு அந்த வியாழக்கிழமைக் கட்டத்தை வெள்ளையாக்கினேன். தொட்டால் ‘பராமரிப்பு’ என்று வரும். சிவப்பைக் காட்டு காட்டு என்று ஒரு வருஷம் ஊரைக் கூட்டியவன், எல்லா நாளையும்விடச் சிவப்பான நாளை மறைத்தேன். இன்னொரு நகல் இந்தப் பெட்டிக்குள் இருக்கிற கார்டில் இருக்கிறது. ரெஜினா கூப்பிடாமல் இருந்தாலும் நான் எப்படியாவது ஒரு காரணம் சொல்லி இங்கே வந்திருப்பேன்.

ஸ்க்ரூ அசைந்த மாதிரி இருந்தது. அசையவில்லை, ஸ்க்ரூ டிரைவர்தான் நழுவியிருக்கிறது. வியர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. பின்னால் வாளி தரையில் உரசுகிற சத்தம், அண்ணன் எழுந்து வருகிறார், செருப்பில்லாத கால், சூட்டில் கால் மாற்றி மாற்றி வைத்து வந்து என் பக்கத்தில் நிற்கிறார். அவர் கையில் ரெஜினாவின் ஃபோன்.

“லோகு, எனக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது. பொண்ணு கத்துக் குடுத்துச்சு. தினமும் பார்க்கிறேன்,” என்றார். திரையில் கட்டங்கள். நுனி தடித்துப்போன விரல், அதற்கு இரண்டு மூன்று தடவை தொட வேண்டியிருந்தது. “எல்லா நாளும் கலர் இருக்குது. அன்னிக்கி மட்டும் ஏன் வெள்ளையா கீது?”

கரண்ட் போயிருந்துச்சுண்ணா. அதைச் சொல்லலாம். அன்று கரண்ட் போகவில்லை என்று அவருக்குத் தெரியும், அவர் இந்த வீட்டில்தானே இருந்தார். நெட் இல்ல என்று சொல்லலாம், அது இருந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும். சென்சாரில் பூச்சி உட்கார்ந்துவிட்டது, சிலந்தி கூடு கட்டிவிட்டது, கம்பெனிக்காரன் அனுப்பியதே பழுது, எத்தனையோ இருக்கிறது, பதினாலு வருஷமாக ஃபோன் ஏன் செத்தது என்று ஆட்களுக்குக் காரணம் சொல்லிப் பழகிய வாய் இது, தண்ணி பட்டிருக்குதுண்ணா, போர்டு போச்சுண்ணா, தலையாட்டிவிட்டுப் போவார்கள். இவரும் தலையாட்டுவார். இந்தக் கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி, இணையப் பக்கத்தில் மறைத்து வைத்திருப்பதையும் அடியோடு அழித்துவிட்டால் உலகத்தில் அந்த இருநூற்று நாற்பத்து மூன்று எங்கேயும் இருக்காது, என் தலையைத் தவிர. என் தலையில் அது எத்தனை வருஷம் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயசு. தினமும் காலை ஐந்து பன்னிரண்டுக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அலாரம் இல்லாமல், இருபத்தாறு நாளாக. ஃபோன் அடிப்பதற்காகக் காத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், அடித்தால் சரியான பதிலைச் சொல்லிவிடுவேன் என்கிற மாதிரி. அது அடிப்பதில்லை. அண்ணன் ஃபோனை நீட்டியபடியே நிற்கிறார், நிழலை விட்டு வெளியே வந்துவிட்டார், வழுக்கைத் தலையில் வெயில் நேராக விழுகிறது, தொப்பி போட்டுக்கோங்கண்ணா என்று சொல்லத் தோன்றியது, அதைச் சொல்லாமல் இருக்க அதிகப் பிரயாசைப்பட வேண்டியிருந்தது.

“நான்தான் வெள்ளையாக்கினேன்ணா,” என்றேன்.

நீட்டியிருந்த ஃபோனை அவர் இறக்கிக்கொண்டார்.

“அன்னிக்கி இருநூத்தி நாப்பத்தி மூணு. பனி இல்ல. புகை. டயர்ப் புகை. அக்கா அஞ்சு மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணாங்க, போவட்டுமான்னு கேட்டாங்க. நான் எழுந்து பார்க்கல. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பனிதான், போயிட்டு வாங்கன்னு சொன்னேன்.” சொல்லும்போது என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது, சர்வீஸ் கடைக் குரல், என்ன பழுது என்று விளக்குகிற குரல். “அப்புறம் பயந்து அத அழிச்சேன்.”

கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் போகிற சத்தம், அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

“தெரியும்,” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“அவ எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா. நான் பக்கத்துல உக்காந்து ஷூ லேஸ் கட்டி விட்டுட்டிருந்தேன் அவளுக்கு, குனிஞ்சா மூச்சு வாங்கும்னு. எல்லாம் கேட்டுது.” ஃபோன் திரை அணைந்துவிட்டது, அதைப் பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தார். “அவளுக்கு நாத்தம் தெரிஞ்சுது லோகு. ரப்பர் கருகுற நாத்தம் வருது இல்லன்னு என்னைக் கேட்டா. ஆமாண்டி, போவாதன்னு நானும் சொன்னேன். அதுக்கப்புறம்தான் உன்னைக் கூப்ட்டா. நீ சொன்னதும் ஃபோனை வெச்சிட்டு, படிச்ச புள்ள சொல்றான், உன் மூக்கும் என் மூக்கும் என்னா கண்டுச்சுன்னு என்னைத் திட்டிட்டுப் போனா.”

நாத்தம் தெரிந்திருக்கிறது. இதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. பெட்டி இல்லாதிருந்தால், லோகு என்று ஒருவன் இல்லாதிருந்தால், அறுபது என்கிற எண் இல்லாதிருந்தால், அக்கா அன்று காலை வாசலில் நின்று மூக்கைச் சுளித்துவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார். எல்லோருக்கும் தெரிவது அவருக்கும் தெரிந்தது, பக்கத்தில் இருந்த மனுஷனுக்கும் தெரிந்தது, தூரத்தில் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் இல்லை என்று சொன்னதும் அது இல்லாமல் போயிற்று. மண்டைக்குள் ஏதோ ஒன்று உட்கார இடம் தேடிச் சுற்றுகிறது. இத்தனை நாளாக நான் ஒரு தவறான பதிலைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் ஏற்கெனவே அவரிடம் இருந்தது, அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். “இத்தன நாளா ஏன்ணா ஒண்ணும் கேக்கல?” என்றேன், கேட்டதும் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது.

“நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். பூசைக்கு வந்த, சொல்லல. கல்லறைக்கு வந்த, சொல்லல. அப்புறம் இதப் பார்த்தேன். தப்பா சொல்றது வேற. நான் கிரேன்ல இருந்தப்ப எத்தனையோ தடவ தப்பா எறக்கியிருக்கேன், ஒரு ஆளுக்குக் கால் போச்சு, நான்தான்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தேன். ஆனா வெள்ளையாக்கிட்டியே. அன்னிக்கி அவ மூச்சுல போனது எதுவும் நடக்கவே இல்லன்னு ஆக்கிட்டியே.” அவர் சத்தம் போடவில்லை, ஃபோனை என் முன்னால் நீட்டினார். “மொதல்ல அதப் போடு. இப்பவே போடு. நான் பார்க்கணும்.”

ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பிடிச்சுவர்மேல் வைத்துவிட்டு என் ஃபோனை எடுத்தேன். வியர்வைக் கை, திரை விரலை வாங்கவில்லை, சட்டையில் துடைத்துத் துடைத்துப் பாஸ்வேர்டைப் போட்டேன், இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். ஒரு நாளை அழிப்பதற்கு அன்று எனக்கு எவ்வளவு நேரம் ஆனது, ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா. பராமரிப்பு என்கிற குறியை எடுத்தேன். பக்கம் கொஞ்ச நேரம் சுற்றியது, வைஃபை மாடியில் வலுவாக இல்லை, நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கட்டம் நிறைந்தது. ஜனவரி முழுவதிலும் அவ்வளவு கருஞ்சிவப்பு வேறு எந்த நாளிலும் இல்லை. அண்ணன் அவர் கையில் இருந்த ஃபோனிலும் அது வருகிறதா என்று பார்த்தார், வந்ததும் அதைத் தொட்டார், இருநூற்று நாற்பத்து மூன்று என்று எழுந்தது, ஐந்து மணி பத்து நிமிஷம். உதடு அசைய அதை ஒரு தடவை படித்தார்.

“போலீசுக்குப் போனாலும் சரிண்ணா, எங்க கூப்ட்டாலும் வந்து சொல்றேன்,” என்றேன்.

“போலீசு உன்னை இன்னா பண்ணும். கொளுத்தினவனையே ஒண்ணும் பண்ணல.” அவர் நிழலுக்குத் திரும்பிப் போய் வாளிமேல் உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார், நல்ல மனுஷன், அறுபத்திரண்டு வயசு, திடீரென்று எண்பது மாதிரி இருந்தார். “எம்பொண்ணுக்கு இது தெரியாது. அவ இன்னும் உன் டப்பாவாலதான் அம்மா இருந்தாங்கன்னு சொல்லிட்டுத் திரியறா. நீயே சொல்லு அவகிட்ட. நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவ அவ அதச் சொல்லும்போதும் தலையாட்டறேன் பாரு, அது என்னால முடியல.”

படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. ரெஜினாதான், வளையல் கைப்பிடிக் கம்பியில் உரசுகிறது. ஓடிவிடலாம் என்று உடம்பு முழுக்கச் சொல்கிறது, ஓடுவதற்கு இருக்கிற ஒரே வழியில் அவள்தான் ஏறி வந்துகொண்டிருக்கிறாள். எப்படி ஆரம்பிப்பது, அண்ணனிடம் சொன்ன மாதிரியா, அது சர்வீஸ் கடைக் குரல், அவளிடம் அந்தக் குரலில் சொல்லக் கூடாது, ஈரம் எத்தனை, பெட்டி எத்தனை என்று ஆரம்பிக்கக் கூடாது, எண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளக் கூடாது. தட்டில் மூன்று டம்ளர் டீயோடு அவள் மாடிக்கு வருகிறாள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாள், அம்மாவின் அதே நெற்றி. “இன்னும் கழட்டலையாண்ணா? சூட்டுல எவ்ளோ நேரம் நிப்பீங்க, மொதல்ல இதக் குடிங்க,” என்று தட்டை நீட்டுகிறாள்.

“ரெஜினா,” என்கிறேன், “அம்மா அன்னிக்கிக் காலைல எனக்கு ஃபோன் பண்ணாங்க.”

“எதுக்குண்ணா?” என்கிறாள் அவள்.

டீயை வாங்கிக்கொள்ளாமல் சொல்லத் தொடங்குகிறேன்.